‘செயற்கை மெழுகு’ என்னும் திரை

“செயற்கை மெழுகு கலவாதது” என்று அச்சிட்ட உறையைக் கண்டு நிம்மதி கொள்ளும் நுகர்வோரைக் குறைகூற இயலாது. வேதியியல் பயின்றோரின் ஆய்வேட்டு முன்னுரைகளிலும் அதே வாசகம் கேள்வியின்றி நுழைவதுதான் வெட்கக்கேடு.

‘இயற்கை’ தூய்மைக்குச் சான்றாகுமா? பாரஃபின், நிலத்தடியில் இயற்கையாகவே விளைந்த பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. சுத்திகரிப்பு குறைந்தால் அரோமாட்டிக் சேர்மங்கள் அதில் எஞ்சும். 1920களில் நிலக்கரியைத் திரவ எரிபொருளாக்க ஜெர்மானியர் கண்ட ஃபிஷர்–ட்ரோப்ஷ் முறையிலோ, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வினையூக்கியின்மீது இணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. அம்மெழுகில் அந்த மாசு மிகக் குறைவு. உதட்டுச்சாயம் நாக்பூரின் மே மாதத்திலும் குழையாதிருக்க, ஏறத்தாழ 63 பாகை செல்சியஸில் உருகும் தேன்மெழுகு மட்டும் போதாது. உயர்ந்த உருகுநிலை கொண்ட மற்றொரு மெழுகும் வேண்டும். பிரேசில் பனையோலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா அதற்குப் பொருந்தும். ஆனால் அந்நாட்டின் வடகிழக்கில் ஓலை வெட்டுவோர் அடிமைநிலைக்கு ஒப்பாக நடத்தப்பட்டமை வெளிப்பட்ட பின்னரும், ‘இயற்கை’ என்ற முத்திரைக்கு எவ்விதக் களங்கமும் நேரவில்லை!

இது செயற்கை மெழுகுக்கான வக்காலத்து அன்று. இயற்கையா செயற்கையா என்ற வாதம் ஓயாதிருப்பது உற்பத்தியாளருக்கே வசதி. கேட்க வேண்டிய கேள்வி அதற்குள் மறைந்துவிடுகிறது. மூலப்பொருள் பட்டியலில் காணப்படும் ‘சிந்தெடிக் வாக்ஸ்’ என்ற பன்னாட்டுப் பெயர், ஃபிஷர்–ட்ரோப்ஷ் மெழுகையும் எத்திலீனைப் பலபடியாக்கிப் பெறும் மெழுகையும் ஒருங்கே குறிக்கும். தொடக்கப் பொருள் நிலக்கரியா, இயற்கை எரிவாயுவா, எத்திலீனா என்பதை அப்பெயரிலிருந்து எவராலும் அறிய முடியாது. எந்த வடிவில் சேர்க்கப்பட்டது என்பதையும் அது சொல்லாது. எண்ணெயோடு உருக்கிக் கலந்த மெழுகு வேறு. நுண்தூளாக அரைத்து முகப்பூச்சிலும் தேய்ப்புக் களிம்பிலும் இடப்படும் மெழுகு வேறு. பின்னது முகம் கழுவிய நீரோடு திடத்துகளாகவே சாக்கடையை அடைகிறது.

செயற்கைப் பலபடி நுண்துகள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கட்டுப்படுத்தியது. அங்கும் உதடு, நகம், முக ஒப்பனைப் பொருள்களுக்கு 2035 வரை அவகாசம் பெறப்பட்டது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் மூலப்பொருளின் பெயரைக் கேட்கின்றன. அது எம்முறையில் விளைந்தது, உருகிய நிலையில் உள்ளதா, துகளாக உள்ளதா என்ற இரு தகவல்களையும் உறையில் அச்சிடச் செய்வதற்குப் புதிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. மெழுகை விற்பவரின் தரச்சான்றிதழிலும் தொழிற்சாலையின் கலவைக் குறிப்பிலும் அவை முன்னரே எழுதப்பட்டிருக்கின்றன.