பிளாக்குக்குள் சிக்கிய எழுத்து

ஆட்டோகேட் 2025 பதிப்பில், ஒரு வடிவத்தைத் தேர்ந்து காட்டினால் அதைப் போன்றவற்றை வரைபடம் முழுக்கத் தேடி, எல்லாவற்றையும் பிளாக்காக மாற்றித் தரும் வசதி வந்தது. 2026 பதிப்பில் தேர்ந்து காட்டும் வேலையும் நமக்கு இல்லை. பிளாக்காக மாற்றத் தகுந்தவை எவை என்று கருவியே அலசி முன்வைக்கிறது. எக்ஸ்ப்ளோட் ஆகிச் சிதறிக் கிடக்கும் பழைய கோப்புகளைச் சுத்தம் செய்ய இதைவிட எளிய வழி இல்லை என்று எந்த அலுவலகத்துக்கும் தோன்றும். எனவே இவ்விதழ் தன் நிலைப்பாட்டைத் தாமதிக்காமல் சொல்லிவிடுகிறது. சானிட்டரி சாமான்கள், தூண்கள், மரங்கள், கார்கள், மேசை நாற்காலிகள் ஆகியவற்றுக்கு இந்தக் கருவியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கதவு எண், மட்டக்குறி, பிரிவுக்குறி, அறைப்பெயர் என எழுத்து கலந்த எதையும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

காரணம் பிளாக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. செருகும்போது நாம் கொடுக்கும் எக்ஸ், ஒய், இசட் பெருக்கத்துக்கு உள்ளே இருக்கும் அனைத்தும் கட்டுப்படும். கதவின் 900 மி.மீ. அகலம் கட்டிடத்தின் அளவு. அதன் பக்கத்தில் நிற்கும் ‘டி1’ 2.5 மி.மீ. உயரம் இருக்க வேண்டும் என்பது தாளின் அளவு. இரண்டையும் ஒரே பெருக்கத்தில் கட்டிவிடுகிறோம். 1:100 தாளை எண்ணி 250 மி.மீ. உயரத்தில் வைத்த எழுத்து, 1:50 வியூபோர்ட்டில் 5 மி.மீ. ஆகப் பெருத்துப் பக்கத்துச் சுவரில் ஏறும், 1:200-இல் 1.25 மி.மீ. ஆகச் சுருங்கிப் புள்ளியாகும். 900 கதவை 1050 ஆக்குவதற்கு எக்ஸ் திசையில் மட்டும் இழுத்தால் எழுத்தும் சேர்ந்து அகலும். இடக்கைக் கதவை வலக்கைக் கதவாக்க மிர்ரர் போட்டால், மிர்டெக்ஸ்ட் சுழியத்திலேயே இருந்தாலும் பிளாக்குக்குள் இருக்கும் சாதாரண டெக்ஸ்ட் இடவலமாகத் திரும்பிக்கொள்ளும், அந்த மாறியின் அதிகாரம் பிளாக்கின் உட்புறம் வரை செல்லாது. தேடும் கருவி பார்ப்பது கோடுகளின் ஒற்றுமையை. ஓர் எழுத்து தாளைச் சேர்ந்ததா கட்டிடத்தைச் சேர்ந்ததா என்பது கோட்டில் பதிவாவதில்லை. அது வரைந்தவர் எடுத்த முடிவு, பிளாக் செய்கிறவர் மறுபடி எடுத்தாக வேண்டிய முடிவு.

இதற்கு, எழுத்தைத் தாளின் அளவிலேயே நிறுத்தும் அனொடேட்டிவ் வசதி 2008 பதிப்பிலேயே வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, நல்ல வசதியும்கூட. ஆனால் பிளாக் முழுவதையும் அனொடேட்டிவ் ஆக்கினால் கதவுப் பலகையும் தாளின் அளவுக்கு ஏற்ப ஆடத் தொடங்கும். கிரிட் குமிழுக்கும் வடக்குக் குறிக்கும் அது பொருந்தும், கதவுக்குப் பொருந்தாது. பிளாக்கைச் சாதாரணமாக விட்டுவிட்டு உள்ளிருக்கும் அட்ரிபியூட்டை மட்டும் அனொடேட்டிவ் ஆக்குவதே கதவுக்கு முறை. அப்படிச் செய்த பிளாக்கையும் கையால் இழுத்துப் பெருக்கக் கூடாது என்று ஆட்டோடெஸ்க்கின் உதவிக் குறிப்பே எச்சரிக்கிறது. அகலம் மாற வேண்டுமானால் 2006-இல் வந்த டைனமிக் பிளாக்கின் பாராமீட்டர் வழியாகத்தான் மாற்ற வேண்டும். இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்ட அலுவலகத்தின் உள்ளே சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கோப்பு வெளியே போகும்போது அது திரும்பி வருகிறது. சேவ்ஃபிடெலிட்டி மாறி 1-இல் இருக்க, 2007 வடிவிலோ அதற்கும் பழைய வடிவிலோ சேமித்தால், ஒவ்வொரு அளவுகோலுக்கும் உரிய எழுத்து தனித்தனிப் பொருளாகப் பிரிந்து புதிய லேயர்களில் போய் உட்காரும். லேயர் பெயரைக் கொண்டு வரைபடத்தை வாசிக்கும் அனுமதி மென்பொருள்கள் இந்திய நகரங்கள் பலவற்றில் நடைமுறையில் உள்ளன. அங்கே பழைய வடிவில் கோப்பு கேட்டால், முறையாக வேலை செய்தவருடைய வரைபடம்தான் முதலில் குழம்பும்.

ரெவிட்டுக்கு மாறினால் இந்தத் தலைவலி இல்லை என்பது அடுத்த பதில். கதவு ஒரு ஃபேமிலி, அதன் டேக் வேறொரு ஃபேமிலி, டேக்கின் எழுத்து தாளின் அளவில் நிற்கும் என்ற பிரிவு அங்கே அடித்தளத்திலேயே இருக்கிறது. அந்தப் பிரிவைத்தான் நாமும் கேட்கிறோம். ஆனால் இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் அலுவலகத்திடம் உரிமத் தொகையையும் பயிற்சிச் செலவையும் ஏற்கச் சொல்லிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நகர முடியாது. இனி யார் தாளில் பார்க்கிறார்கள், திரையில் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்ற வாதம்தான் நமக்கு அதிகக் கவலை தருகிறது. சைட்டில் கட்டிடம் எழும்புவது திரையைப் பார்த்து அல்ல. ஏ1 தாளில் 2.5 மி.மீ. உயரத்தில் இருந்த எழுத்து, ஏ3-க்குக் குறைத்து எடுத்தால் 1.25 மி.மீ. ஆகும். அதை ஜெராக்ஸ் எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்து, சிமெண்ட் கையோடு பிரிக்கும்போது 8-ம் 3-ம் 6-ம் ஒன்றுபோலத் தெரியும். கைப்பேசியில் விரித்துப் பார்ப்பவருக்கு ஒரு சமயத்தில் ஒரு மூலைதான் தெரிகிறது, அந்த மூலை எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்பது தெரிவதில்லை.

இவ்விதழ் நெடுநாளாகச் சொல்லிவரும் விஷயம் இங்கேதான் வந்து சேர்கிறது. வரைபடத்தின் தமிழ் எழுத்தைப் பற்றி யாருக்கும் பொறுப்பில்லை. ரோமன் எழுத்துக்கு நிலை தெளிவாக இருக்கிறது. வரைபட எழுத்துக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 9609-இன் 1983-ஆம் ஆண்டு முதற்பகுதி ஆங்கில எழுத்துகளுக்கு உயர வரிசையைக் கொடுத்தது: 2.5, 3.5, 5, 7 என்று இரண்டின் வர்க்கமூலத்தால் பெருகிப் போகும் வரிசை. பெரிய எழுத்தின் உயரமும் சரி, சிறிய எழுத்தின் உடல் உயரமும் சரி, 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது அதன் விதி. சிறிய எழுத்துகளையும் சேர்த்து எழுதினால் பெரிய எழுத்து 3.5 ஆக வேண்டும். 1985-இல் இரண்டாம் பகுதி வந்தது, தேவநாகரிக்கு. தமிழுக்கு அந்த வரிசையில் ஒரு பகுதி இல்லை. ஆகவே தமிழில் ‘2.5 மி.மீ. எழுத்து’ என்றால் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளப்பது என்பதற்கே நம்மிடம் விடை கிடையாது. ‘ப’ போன்ற எழுத்து உடலோடு நின்றுவிடுகிறது. ‘கீ’ மேலே ஏறுகிறது, ‘ழு’ கீழே இறங்குகிறது. அளக்க வேண்டியது ‘ப’-வின் உடலை என்பது இவ்விதழின் கருத்து.

மென்பொருள் இதை இன்னும் மோசமாக்குகிறது. ட்ரூடைப் எழுத்துருவுக்கு நாம் கொடுக்கும் உயரத்தில், எழுத்துக்கு மேலே குறிகளுக்கென ஒதுக்கிய இடமும் சேர்ந்திருப்பதாக ஆட்டோகேட்டின் குறிப்பே சொல்கிறது. ஆகவே 2.5 என்று தட்டினால் ‘ப’-வின் உடல் 2.5 இருக்காது. நிர்மலா எழுத்துருவில் ஒரு வரி அச்செடுத்து ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்க்கிற எவருக்கும் இது தெரிந்துவிடும். சிம்ப்ளெக்ஸ், ரோமன்ஸ் போன்ற எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்கள் சீரான கோட்டுத் தடிமனில், குறைத்தாலும் படிக்கும்படி நிற்கின்றன. சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளுக்கு ஆட்டோகேட்டிலேயே பிக் ஃபாண்ட் வருகிறது. தமிழுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. யாராவது உருவங்களை வரைந்து சேர்த்தாலும், மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும் ‘ெ’ குறியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு எஸ்எச்எக்ஸ் வடிவத்தில் இல்லை.

இந்தத் தமிழ் எழுத்தைக் கொண்டுபோய் பிளாக்குக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள். ‘சமையல்’ என்ற அறைப்பெயரை அட்ரிபியூட்டாக வைத்த பிளாக்கில், டெக்ஸ்ட் ஸ்டைலின் பெயர் ஸ்டாண்டர்ட், எழுத்துரு நிர்மலா. அதை வேறொரு கோப்பில் செருகுகிறோம். அங்கேயும் ஸ்டாண்டர்ட் என்ற ஸ்டைல் இருக்கும், அதன் எழுத்துரு பெரும்பாலும் ஒரு எஸ்எச்எக்ஸ். பெயர் ஒன்றாக இருந்தால், பிளாக் வந்து சேரும் கோப்பின் ஸ்டைல்தான் செல்லும். ‘சமையல்’ இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். சாதாரண எழுத்தைப் பார்த்துத் திருத்திவிடலாம். பிளாக்குக்குள் இருப்பது நூறு இடத்தில் ஒரே நேரத்தில் கெடுகிறது. தமிழ் எழுத்து வைக்கும் பிளாக்குகளுக்கு ஸ்டாண்டர்ட் என்ற பெயரைத் தவிர்த்து, அலுவலகத்துக்கென்று தனிப்பெயருள்ள ஸ்டைலை வைத்துக்கொள்வது இன்றே செய்யக்கூடியது.

சைட்டில் தமிழ் எதற்கு, லிண்டல், சன்ஷேட், பிளிந்த் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், வேலையாட்களில் பலர் வட மாநிலத்தவர்தானே என்ற கேள்வி நியாயமானதுதான். டி1, டபிள்யூ2 போன்ற குறிகளைத் தமிழாக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. நீர்ப்புகாப் பூச்சு எந்த மட்டம் வரை, எந்தச் சுவரை உடைக்கக் கூடாது, கம்பிக்கு எவ்வளவு கவர் என்ற குறிப்புகளைச் சொல்கிறோம். அவற்றைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லுகிற மேஸ்திரி பெரும்பாலான சைட்டுகளில் இன்னும் தமிழ் படிக்கிறவர். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் தாளும் இதுதான். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளத்தோடும் முதல் தளத்தோடும் கட்டும் வீட்டுக்கு, உரிமையாளர் தரும் சான்றின் பேரில் உடனே அனுமதி கிடைக்கிறது. தாமதத்தை ஒழித்த நல்ல ஏற்பாடு. ஆனால் தான் சான்றளிக்கும் வரைபடத்தில் இருப்பதை அந்த உரிமையாளர் படிக்க முடிய வேண்டும் என்பதற்கு எந்த நிபந்தனையும் விதிக்காமல் பொறுப்பை மட்டும் அவர் தலையில் வைத்தது சரியல்ல.

தேசியக் கட்டிட நெறி 2016-இன் இரண்டாம் பகுதி தாளின் அளவுக்கு அட்டவணை தருகிறது. கட்டிட வரைபடம் 1:100, ஒரு ஹெக்டேர் வரையுள்ள மனை வரைபடம் 1:500 என்கிறது. எந்தக் கோட்டுக்கு எந்த நிறம் என்பதற்கும் அட்டவணை உண்டு. எழுத்தின் உயரத்துக்கு அப்படி ஓர் அட்டவணை இல்லை. பச்சைக்கும் சிவப்புக்கும் காட்டிய கவனத்தை, அந்தக் கோடு என்ன என்று சொல்லும் எழுத்துக்குக் காட்டவில்லை. தேவநாகரிக்கு 1985-இல் முடிந்த வேலை தமிழுக்கு இத்தனை ஆண்டுகளாக முடியவில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. கேட்பவர்கள் இல்லை என்று, இந்தத் தரங்களை வகுக்கும் பி.ஐ.எஸ். நினைத்திருக்கலாம். வரைபடம் தயாரிப்பவர் தமிழில் எழுதத் தயங்குகிறார், ஏனென்றால் எழுத்து கெடுகிறது. எழுத்தைச் சீராக்க வேண்டியவர்கள், தமிழில் யாரும் எழுதுவதில்லை என்று சும்மா இருக்கிறார்கள். இந்த வட்டத்தை உடைக்கும் கடமை அதிகாரம் உள்ள பக்கத்துக்குத்தான் முதலில் உண்டு.

மென்பொருள் நிறுவனத்திடம் நாம் கேட்பது சிறியது. பிளாக்காக மாற்றும் முன், உள்ளே எழுத்து இருந்தால் கருவி நின்று, இது தாளின் அளவா கட்டிடத்தின் அளவா என்று கேட்கட்டும். தாளின் அளவு என்றால் அதை அனொடேட்டிவ் அட்ரிபியூட்டாக மாற்றித் தரட்டும். அதுவரை வாசகர்கள் மாற்றத்தை ஓட்டும் முன் எழுத்து இருக்கும் லேயர்களைப் பூட்டி வைத்துக்கொள்வது நல்லது. தரமணியில் உள்ள பி.ஐ.எஸ். தென்மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப ஒரு முன்மொழிவை இவ்விதழ் தயாரித்து வருகிறது. ஐ.எஸ். 9609-இல் தமிழுக்குத் தனிப் பகுதி, உடல் உயரம் 2.5 மி.மீ.க்குக் குறையாமை, மேற்குறிகளும் கீழ்க்குறிகளும் மோதாத வரி இடைவெளி, ஏ3-க்குக் குறைக்கப்போகும் தாளுக்கு இரட்டை உயரம் ஆகியவை அதில் இருக்கும். தங்கள் அலுவலகத்தில் எந்த எழுத்துருவில், எந்த உயரம் கொடுத்தால் ‘ப’-வின் உடல் 2.5 மி.மீ. வருகிறது என்று அச்செடுத்து அளந்து அனுப்புகிறவர்களின் அளவுகளையும் அதோடு இணைப்போம்.