அறிவித்தல் கற்பித்தல் ஆகுமா?

அரபு மொழியில் 'இல்ம்' என்பது அறிவைக் குறிக்கும் சொல். அதன் வேரினின்றே 'இஃலாம்' என்றும் 'தஃலீம்' என்றும் இரு சொற்கள் கிளைத்துள்ளன. முன்னதற்கு அறிவித்தல் என்பது பொருள். பின்னதற்குக் கற்பித்தல் என்பது பொருள். சொற்பொருள் ஆய்வில் தலைசிறந்து விளங்கிய ராகிப் அல் இஸ்ஃபஹானீ தமது 'முஃப்ரதாத்' எனும் நூலில் இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்றை விரைந்து தெரிவித்துவிடுவது இஃலாம். பல்கால் எடுத்துரைத்து, கேட்பவன் உள்ளத்தில் அதன் சுவடு பதியும்வரை செய்வது தஃலீம். இன்றைய அரபு நாடுகளில் செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி ஆகிய அனைத்தையும் ஒருங்கே சுட்ட வழங்கும் சொல் 'இஃலாம்' என்பதே. பள்ளிக்கூடத்தைச் சார்ந்த பணிகளுக்கு வழங்கும் சொல் 'தஃலீம்'. மொழி தானே வகுத்து வைத்த எல்லை இது.

இவ்வெல்லையை இன்று நம் நாட்டில் அழித்தெழுத முற்படுவோர் உளர். "ஊருக்கு ஓர் ஆசிரியர் எதற்கு? சிறந்த ஆசிரியர் ஒருவரைப் படப்பிடிப்பு அரங்கில் நிறுத்துங்கள். நாடெங்கும் உள்ள பிள்ளைகள் அவரிடமே பயிலட்டும்" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இனிய வாதந்தான். கணக்கெழுதுவோர்க்கு மேலும் இனியது; ஊதியச் செலவு குறையுமன்றோ! ஓராசிரியரும் ஈராசிரியருமாகத் தொடக்கப் பள்ளிகள் தள்ளாடி நடக்கும் நாட்டில் இவ்வாதம் எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டு அரசின் பள்ளிக் கல்வித்துறை 2019 ஆகஸ்ட் 26ஆம் நாள் சென்னைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தது. அரசு கேபிள் இணைப்பில் 200ஆம் எண்ணில் அது வீடுகளை அடைந்தது. வணிக விளம்பரத்தின் வாயிற்படியில் கைகட்டி நில்லாத ஓர் ஒளிவழி பிள்ளைகளுக்கென்றே அமைந்ததை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். மாலைப் பொழுது முழுவதும் மாமியார் மருமகள் பூசல்களையே படையலிடும் தனியார் ஒளிவழிகளுக்கு நடுவே, மீன் எவ்வாறு மூச்சு விடுகிறது என்று சொல்ல ஒரு குரல் எழுமாயின் அதை வேண்டாமென்பார் யார்? ஆகவே நம் வழக்கு அத்தொலைக்காட்சியின்மீதன்று. அது ஆசிரியர்க்கு மாற்றாகும் என்று பறைசாற்றுவோர் மீதுதான்.

அவர்கள் கூற்றைச் சோதிக்க நாம் ஆய்வுக்கூடம் தேடிப் போக வேண்டியதில்லை. காலமே ஒரு கொடிய சோதனையை நடத்திக் காட்டியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1ஆம் நாள்தான். ஏறத்தாழ 20 மாதங்கள்! அந்நாள்களில் கல்வித் தொலைக்காட்சி வாளாவிருக்கவில்லை. வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. 2006 முதல் 2011 வரை அரசே ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியிருந்த மாநிலம் இது. பெட்டியும் இருந்தது, பாடமும் வந்தது, பிள்ளைகளும் வீட்டிலேயே இருந்தனர். திரையே ஆசிரியர் என்பது மெய்யானால், அது மெய்ப்பிக்கப்பட இதனினும் வாய்ப்பான காலம் வேறுண்டோ?

விளைந்தது யாது? பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடன் ஆய்ந்தோரும் தமிழகச் சிற்றூர்ப் பிள்ளைகளிடையே நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சொல்கிறது. பெருந்தொற்றுக்கு முன் அதே அகவைப் பிள்ளைகள் பெற்றிருந்த திறத்தோடு ஒப்பிடுங்கால், 2021 இறுதியில் பிள்ளைகள் மொழியில் பின்தங்கியிருந்தனர்; கணக்கில் அதனினும் மிகுதியாகப் பின்தங்கியிருந்தனர். பள்ளிகள் திறந்து ஆறு திங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. 20 மாதம் திரை தடுத்து நிறுத்த இயலாத இழப்பை ஆறு மாதத்தில் பெரும்பகுதி மீட்டுத் தந்தவர் யார்? கரும்பலகையின் முன் நின்ற ஆசிரியரும், அவருக்குத் துணையாகத் தெருவுக்கு வந்த தன்னார்வலரும் அல்லரோ?

தன்னார்வலர் என்றோம். 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம் தொடங்கப்பட்டது. மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும், அதே ஊரைச் சேர்ந்த படித்த இளம்பெண்கள் சிறு சிறு குழுவாகப் பிள்ளைகளை அமர்த்திச் சொல்லிக் கொடுத்தனர். மேற்சொன்ன மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்று அவ்வாய்வே கணித்துள்ளது. நடுவில் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லத்தைத் தேடிக் கல்வி முன்னரே தொலைக்காட்சி வழியாக வந்துவிட்டதன்றோ? பின்னும் எதற்காக அரசு ஆள்களை அனுப்பியது? இல்லத்துக்குள் வந்தது அறிவிப்பு; வர வேண்டியிருந்தது கற்பிப்பு. அரசு இதனை வாயால் ஒப்பவில்லையாயினும் செயலால் ஒப்புக்கொண்டது.

இது ஏன் இவ்வாறாகிறது என்பதற்கு மறுமொழி வகுப்பறைக்குள் நின்றவர்க்குத் தெரியும். 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. 2இலிருந்து 7 போகாது எனக் கண்ட அப்பிள்ளை, 7இலிருந்து 2ஐக் கழித்து 5 எழுதிவிடுகிறது. பின் 5இலிருந்து 3ஐக் கழித்து 2 எழுதிவிடுகிறது. பலகையைப் பார்த்த அக்கணமே ஆசிரியர் பிழையின் பிறப்பிடத்தை அறிகிறார். பத்துக் குச்சிகள் கொண்ட ஒரு கட்டை அவிழ்த்து அப்பிள்ளையின் கையில் வைக்கிறார். திரையில் தோன்றுபவர் என் செய்வார்? விடை 15 என்பார். அடுத்த கணக்கிற்குச் செல்வார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அப்பிள்ளை தன் 25ஐ வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது. அவர் கற்றவராகலாம், குரல் வளம் உடையவராகலாம், அழகிய படங்களைப் பின்னணியில் ஓடவிடலாம். எதிரே இருப்பவர் முகத்தைக் காணும் வாய்ப்பு அவருக்கில்லை. முகம் காணாதவர் எங்ஙனம் பிழை திருத்துவார்?

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இதற்கு ஒரு கணக்கே வகுத்திருக்கிறார். ஆசான் சொல்வதைச் செவ்வையாக உள்ளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்குதான் என்கிறார் அவர். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு; தான் பிறர்க்கு விளங்க உரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு. ஆசான் நேரில் இருந்து சொல்லும்போதே கால் பங்கென்றால், முகம் காணாத திரை எவ்வளவு தரும்? அக்கால் பங்கை முழுமையாகத் தந்துவிடுவதாகவே வைத்துக்கொள்வோம். ஏனைய முக்கால் பங்கிற்கு வழி யாது? பெட்டியின் முன் தனித்தமர்ந்த பிள்ளைக்கு ஒருசாலை மாணாக்கர் இல்லை. எடுத்துரைக்க ஓர் அவையும் இல்லை. இலக்கண நூலார் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன்னர் கண்ட இவ்வுண்மையைக் கருவி வணிகர் இன்னும் காணவில்லை.

"மலைக் கிராமத்தில் அறிவியல் ஆசிரியர் இல்லை, தனிப்பயிற்சிக்குப் பணம் கொடுக்க ஏழைத் தாய்க்கு வழியில்லை, அவர்களுக்குத் திரையும் வேண்டாமா?" என்று நம்மை மடக்குவோர் உண்டு. வேண்டும் என்பதே நம் மறுமொழி. ஆயின் அவர்களை நாமும் ஒன்று கேட்போம். அறிவியல் ஆசிரியர் இல்லாத குறையைத் திரையால் மூடிய பின், அவ்விடத்துக்கு ஆசிரியரை அமர்த்த எவர் முனைவார்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரும் திரையும். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திரை மட்டும் என்றொரு பாகுபாடு நிலைபெற்று விடாதா? பசித்தவனுக்குச் சோற்றின் படத்தைக் காட்டி, பந்தி முடிந்தது எனக் கணக்கெழுதுவது அறமாகுமா?

அங்ஙனமாயின் பொதுத் தொலைக்காட்சியால் கல்விக்குப் பயனே இல்லையா? உண்டு, நம் நாட்டு வரலாறே அதற்குச் சான்று. 1961இல் தில்லியில் பள்ளித் தொலைக்காட்சி தொடங்கியபோது அது வகுப்பறைக்குள் ஆசிரியர் முன்னிலையில் காணப்பட வேண்டியதாகவே அமைந்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 சூலை 31 வரை அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணைகொண்டு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. அவ்வோராண்டில் நிகழ்ந்த பெருஞ்செயல்களுள் ஒன்று, ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு அறிவியல் பாடம் நடத்தும் பயிற்சியைத் தந்தது. திரை அங்கே ஆசிரியரை அகற்றவில்லை, ஆசிரியரை வளர்த்தது.

மற்றொரு சான்று குஜராத்தின் கேடா மாவட்டத்தது. பீஜ் எனும் சிற்றூரில் 1975இல் நிறுவப்பட்ட சிறு ஒளிபரப்பு நிலையம் சுற்றியுள்ள ஏறத்தாழ 400 ஊர்களுக்கு மட்டும் ஒளிபரப்பியது. பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவ்வட்டார மக்கள் பேசும் மொழியே திரையில் ஒலித்தது. அவர்களே நடித்தனர், அவர்களிடம் கேட்டே கதைகள் எழுதப்பட்டன. கூலி, சாதி இழிவு, பெண்ணின் துயர் ஆகியவை பேசுபொருளாயின. 1984இல் யுனெஸ்கோ அமைப்பின் பரிசு அதனைத் தேடி வந்தது. ஆயினும் நாடு தழுவிய பேரொளிபரப்பு வளர வளர, இச்சிறு நிலையம் ஆதரவிழந்து 1990ஆம் ஆண்டளவில் ஓய்ந்தது. பெரிய கோபுரம் எழுந்தபோது ஊரின் குரல் அடங்கிற்று. உள்ளூர்த் தொலைக்காட்சி எதனால் சிறக்கும், எதனால் அழியும் என்னும் இரண்டையும் கேடா நமக்குச் சொல்லிச் சென்றுள்ளது.

ஆகவே நாம் கேட்பவை மிகையானவை அல்ல. முதலாவது, பாடநூலை வாய்விட்டுப் படித்துக் காட்டும் பணியைத் தொலைக்காட்சி கைவிடுக. கரும்பலகையைப் படமெடுத்துக் காட்டுவதற்கு இத்துணைக் கருவிகள் எதற்கு? வகுப்பறைக்குள் கொண்டுவர இயலாதவற்றை அது காட்டட்டும். கீழடியின் அகழ்வுக் குழியையும், கடலடியில் வளரும் பவளத்தையும், விதை பிளந்து முளை எழும் மெல்லிய அசைவையும் ஆசிரியர் எவரும் வகுப்பறைக்குள் சுமந்து வர இயலாது. அங்கேதான் திரைக்கு வேலை.

இரண்டாவது, தமிழகம் என்பது சென்னை மட்டுமன்று. நெல்லையின் பேச்சும், கொங்கின் பேச்சும், தஞ்சையின் பேச்சும் பிள்ளைகளின் காதுக்கு எட்டட்டும். மாவட்டந்தோறும் திறன்மிக்க ஆசிரியர் உளர், பிள்ளைகளும் உளர். வாரந்தோறும் ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கவும், அக்கேள்விகளுக்கு அடுத்த வாரம் மறுமொழி வரவும் ஏற்பாடு செய்யின், ஒருவழிப் பாதை ஓரளவேனும் இருவழிப் பாதையாகும்.

மூன்றாவதும் தலையாயதும் இதுவே: திரையில் ஒரு பாடம் ஓடினால், அப்பாடத்தை அடுத்து ஓர் ஆசிரியரோ தன்னார்வலரோ பிள்ளைகள் நடுவே அமர்ந்திருக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு ஒதுக்கும் பணம் ஆசிரியர் பணியிடத்திற்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்து எடுத்ததாக இருத்தல் ஆகாது. காலியாகவுள்ள பணியிடங்களை நிரப்பாமல் ஒளிபரப்பு நேரத்தைக் கூட்டிவிட்டுக் கல்வி வளர்ந்ததாக எந்த அரசு சொன்னாலும், எக்கட்சியின் அரசு சொன்னாலும், அதனை ஏற்க மறுப்பது பெற்றோரின் கடமை.

தொலைக்காட்சி அறிவிக்கட்டும், நன்றாக, அழகாக, நம் மொழியில் அறிவிக்கட்டும். அதன் பின்னர் 25 என்று எழுதிய அந்தப் பிள்ளையின் அருகில் குச்சிக் கட்டோடு அமர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குரிய ஊதியத்தை நாம் அரசிடம் கேட்கிறோம். அதைக் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. கேளாதிருந்தால் நம் பிள்ளைகளுக்கு நாம் பிழை செய்தவராவோம்.