ஒரு புட்டி, 23 சனிக்கிழமைகள்

“இதுக்கு எத்தனை மார்க் மாமா?” என்று கேட்டான் தங்கை மகன். கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் என் மகன் கொண்டுவந்து கொடுத்த லாகவூலின் புட்டி மேசைமேல் இருந்தது. 16 வருடம் மரப் பீப்பாயில் கிடந்த விஸ்கி. மருமகன் எதை வாங்கினாலும் முதலில் போனை எடுத்து அதற்கு யார் எத்தனை புள்ளி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பான். 90க்குக் கீழே இருந்தால் தொடமாட்டான். அவன் கேட்டதற்கு என்னால் ஒரு எண்ணைச் சொல்ல முடியவில்லை.

நான் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். தூத்துக்குடியில் வீடு. சனிக்கிழமை சாயங்காலம் 30 மில்லி, அதற்கு மேல் கிடையாது. 700 மில்லி புட்டி 23 சனிக்கிழமைக்கு வரும். எஞ்சின் ரூம் லாக் எழுதிப் பழகிய கை என்பதால், ஒவ்வொரு வாரமும் குடித்ததை நோட்டில் எழுதி வைத்தேன்.

முதல் வாரம்: டிஞ்சர் வாடை, தார் பூசிய கயிறு. இதற்கா இத்தனை விலை என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் வாரம் மழை பெய்து விட்டிருந்தது. வாயில் வைத்ததும் உடன்குடிப் பக்கத்தில் கருப்பட்டி காய்ச்சும் விடிலி வந்து நின்றது. பனை மட்டை எரியும் புகை, அதற்குள் பதநீர் பாகாகும் இனிப்பு. சின்ன வயதில் ஆச்சியோடு அந்தப் புகைக்குள் நின்ற நாட்கள். அன்றைக்குக் கண்ணாடி டம்ளரைக் கழுவ மனமில்லை. ஏழாம் வாரம் வெறும் உப்பும் காரமும்தான். பத்தாம் வாரம் ஜலதோஷம். சாராய எரிச்சல் தவிர ஒன்றுமில்லை. காய்ச்சலில் கிடந்தவர்கள் ‘நாக்கு செத்துப்போச்சு’ என்பார்களே, அதுதான். ஆனால் செத்தது நாக்கு இல்லை, மூக்கு. புகை, பழம், வெனிலா என்று நாம் ருசியாகச் சொல்வதில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான்.

புட்டிக்குள் காற்று புகுந்து விஸ்கி மாறியிருக்கும் என்று சொல்லலாம். மாறும், உண்மைதான். ஆனால் என் நோட்டில் 3ஆம் வாரத்துக்கு மிக நெருக்கமாக இருப்பது 20ஆம் வாரம். இடையில் வந்தவை எங்கெங்கோ போகின்றன. விஸ்கி ஒரே திசையில் மாறிக்கொண்டு போயிருந்தால் இப்படி வந்திருக்காது. இந்த விஸ்கி பிறக்கும் ஐலா தீவில் பீட் கரியை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துகிறார்கள். புகையின் ஃபீனால்கள் தானியத்தில் ஏறிப் புட்டிவரை வருகின்றன. அதே ஃபீனால்தான் ஒருநாள் எனக்கு ஆஸ்பத்திரியாகவும் ஒருநாள் விடிலியாகவும் இருந்தது.

இது என் போன்ற வாரக் குடிகாரனுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. கலிஃபோர்னியா மாநிலச் சந்தையின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்சன் என்பவர் ஒரு சோதனை செய்தார். அவரே ஒயின் தயாரிப்பவர். ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை, சொல்லாமல், மற்ற ஒயின்களுக்கு நடுவே மூன்று முறை நடுவர்கள் முன் வைத்தார். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பைக் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர்தான். 2008இல் அந்த முடிவு வெளியானது. ஒரே அமர்வில், தொழில்முறை நடுவர்களுக்கே இந்த நிலை.

விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே தன் ‘விஸ்கி பைபிள்’ நூலின் 2010 பதிப்பில் பெங்களூரு அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 புள்ளி கொடுத்தபோது நான் மகிழ்ந்தேன். நம் பார்லியும் ஸ்காட்லாந்துப் பீட் பார்லியும் சேர்ந்த விஸ்கி அது. அந்தப் பெருமை அதற்குத் தகும். திறமையான மூக்கு சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். என் கோபமெல்லாம் தனியே நிற்கும் அந்த எண்ணின்மேல்தான். என் முதல் வாரத்தை மட்டும் யாராவது அச்சில் போட்டிருந்தால், பதினாறு வருட உழைப்பு 70 புள்ளியோடு முடிந்திருக்கும். அதைப் படித்து எத்தனை பேர் அந்த விடிலிப் புகையை இழந்திருப்பார்கள்!

புள்ளி போடுகிறவர்கள் ஒரு புட்டியை நாலைந்து வேறுவேறு நாளில் குடித்துப் பார்க்க வேண்டும். எண் கட்டாயம் வேண்டுமென்றால் அத்தனை நாளின் எண்ணையும் போடட்டும். பக்கத்திலேயே நேரம், அன்றைக்குக் குடித்தவற்றில் அது எத்தனையாவது, அதற்குமுன் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் வேண்டும். மருமகனிடம் நோட்டையே கொடுத்துவிட்டேன். ஏழாம் வாரத்தின் உப்புக்கும் காரத்துக்கும் கீழே அவன் இதைப் படிப்பான்: ‘மத்தியானம் சாளைக் குழம்பு. மிளகாய் கூடுதல்.’