ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவே: அளக்கப்படாத பிள்ளைகளும் ‘வாழ்க்கைமுறை’ என்னும் பழிச்சொல்லும்

களியக்காவிளையைக் கடந்தால் நோயின் பெயர் மாறுகிறது. எல்லைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களில் அது ‘தொற்றா நோய்’. மேற்கே, பாறசாலை, நெய்யாற்றின்கரை, ஆரியங்கோடு வட்டாரங்களில், கேரள அரசின் மலையாளத்தில் அது ‘ஜீவிதசைலி ரோகம்’. இரு பெயர்களும் சுட்டுவது உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றையே. ஊர்ப்பேச்சில் இரு புறத்தும் அவை வெறும் ‘பிரஷர்’, ‘சுகர்’.

பெயர்தானே என்று மொழியியல் பயின்றோர் கடந்து செல்லலாகாது. ‘தொற்றா நோய்’ என்பது எதிர்மறைப் பெயர். நோய் எதனால் வருவதில்லை என்று மட்டும் கூறிக் காரணத்தைப் பற்றி வாய்மூடிக்கொள்கிறது. ‘ஜீவிதசைலி’ வாய்மூடவில்லை. சைலி என்பது நடை, பாணி. கவிஞனுக்கு ஒரு நடையும் பாடகனுக்கு ஒரு பாணியும் உண்டு என்கிறோம். தேர்ந்துகொள்ள வல்லவனுக்கே அச்சொல் பொருந்தும். ஆகவே ‘வாழ்க்கைமுறை நோய்’ என்ற தொடரில் காரணமும் குற்றவாளியும் தீர்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. ஐம்பது வயதினரைப் பற்றிச் சொல்லும்போதே அது விவாதத்துக்கு உரியது. பத்து வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் அது விவரணையாகாது; பழிச்சொல்லே ஆகும்.

அப்பிள்ளையின் நாளை எண்ணிப் பார்க்கலாம். காலை உணவை வீடு முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அதையும் அரசே தருகிறது. பகலுணவு இரு மாநிலங்களிலும் அரசின் பட்டியல்படி அமைகிறது. விளையாட்டு வகுப்பு எத்தனை, அதைக் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுப்பதா என்பதைப் பள்ளி தீர்மானிக்கிறது. நடந்து செல்வதா வாகனத்தில் செல்வதா என்பதைச் சாலை தீர்மானிக்கிறது. மாலையை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. இவற்றுள் பிள்ளையின் ‘சைலி’ எது? கருத்தரங்கத் தலைப்புகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் ‘குழந்தைகளையும் தாக்கும் வாழ்க்கைமுறை நோய்கள்’ என்ற வாய்பாடு தடையின்றி உலவுகிறது. கைபேசி, நொறுக்குத்தீனி, சோம்பல் என்ற மூன்று சொற்களில் விளக்கமும் முடிந்துவிடுகிறது. அந்த விளக்கத்துக்கு அடிப்படையாக எந்தத் தரவு இருக்கிறது என்று கேட்போர் அரிது.

எடை உயர்ந்திருப்பது உண்மை. என்.சி.டி. ரிஸ்க் கூட்டமைப்பு 2024-இல் லான்செட் இதழில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 5 முதல் 19 வயது வரையிலானோரிடம் உடற்பருமன் 1990-க்கும் 2022-க்கும் இடையே உலக அளவில் சிறுமியரிடம் 1.7 விழுக்காட்டிலிருந்து 6.9 ஆகவும், சிறுவரிடம் 2.1-லிருந்து 9.3 ஆகவும் உயர்ந்தது. இந்தியாவில் 2022-இல் அது சிறுமியரிடம் 3.1, சிறுவரிடம் 3.9 விழுக்காடு. கேரளத்திலிருந்தே ஓர் ஆய்வு உண்டு. எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிகளில் 2003-04-இல் 24,842 மாணவரையும், 2005-06-இல் 20,263 மாணவரையும் அளந்தபோது, மிகை எடையுடையோர் 4.94 விழுக்காட்டிலிருந்து 6.57 ஆகக் கூடியிருந்தனர். அந்த ஏற்றம் தனியார் பள்ளிகளில் மட்டுமே காணப்பட்டது என்பது அதன் தலையாய முடிவு. ஒரே மாவட்டம், ஒரே ஆண்டுகள். கட்டணம் செலுத்தும் பள்ளியில் எடை ஏறுகிறது, அரசுப் பள்ளியில் ஏறவில்லை. இதை ஒரு தலைமுறையின் ‘சோம்பல்’ எவ்வாறு விளக்கும்? வருமானம், வாகனம், பாடவேளை, கடை ஆகியவற்றைப் பற்றிய கேள்வியை அந்த ஆய்வு எழுப்பியது. மேற்கோள் காட்டுவோர் 6.57-ஐ எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிடுகின்றனர்.

இரத்த அழுத்தத்துக்கு வரும்போது வாதம் மேலும் தளர்கிறது. மிகை எடையுள்ள பிள்ளைகளிடம் உயர் அழுத்தம் கூடுதலாகக் காணப்படுவது ஐயத்துக்கு இடமற்றது. எர்ணாகுள ஆய்வில் மிகை எடையினரில் 17.34 விழுக்காட்டினருக்கும் ஏனையோரில் 10.1 விழுக்காட்டினருக்கும் அளந்த அன்று அழுத்தம் உயர்ந்திருந்தது. மூன்று வெவ்வேறு நாள்களில் அளந்த ஆய்வுகளை மட்டும் தொகுத்து 2019-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியான கணக்கு, உலக அளவில் 4 விழுக்காடு என்ற சராசரியைத் தந்தது. உடற்பருமன் உடையோரிடம் அது 15.27, இயல்பான எடையினரிடம் 1.90. இதிலிருந்து ‘எடை ஏறினால் சமூகத்தின் இரத்த அழுத்தமும் ஏறியே தீரும்’ என்று பலர் முடிவுகட்டுகின்றனர். ஒரு காலத்தில் இரு பிள்ளைகளை ஒப்பிடுவது வேறு. இரு காலங்களின் பிள்ளைகளை ஒப்பிடுவது வேறு.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் போகலூசாவில் 1973-இல் தொடங்கிய இதய ஆய்வு இந்த வேறுபாட்டைக் காட்டியது. அங்கே 1974-க்கும் 1993-க்கும் இடையே பிள்ளைகளின் உடற்பருமன் 6 விழுக்காட்டிலிருந்து 17 ஆனது. இரத்த அழுத்தமோ உயரவில்லை. இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் 1998 முதல் 2006 வரை பள்ளிப் பிள்ளைகளை அளந்தவர்களும் எடையும் அழுத்தமும் ஒரே திசையில் செல்லாததைக் கண்டனர். மறுபுறம், மேற்சொன்ன 2019 தொகுப்பு, உலக அளவில் 2000-க்குப் பின் உயர் அழுத்தம் கூடியதாகக் கூறுகிறது. ஆக, இரு கோடுகளும் சேர்ந்தும் செல்லலாம், பிரிந்தும் செல்லலாம். எடையை மட்டும் பார்த்து அழுத்தத்தைச் சொல்வது கணிப்பே. ஒவ்வோர் ஊரும் தன் பிள்ளைகளை அளந்தாலன்றி விடை கிடைக்காது.

அளக்கிறார்களா? தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் அளக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டோரின் எடையையும் அழுத்தத்தையும் அளக்கிறது. நடுவிலுள்ள பத்து ஆண்டுகள் அதன் கணக்கில் இல்லை. 2017-18-இல் நடந்த தேசியத் தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வும் 15 வயதில்தான் தொடங்கியது. 2016-18-இல் நடந்த முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. 10 முதல் 19 வயது வரையிலானோரில் 5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டது. ஆனால் ஒரு புள்ளியைக் கொண்டு கோடு வரைய இயலாது. 2013 முதல் நடைபெறும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டம் 18 வயது வரையுள்ளோரிடம் தேடுவதற்கென வகுத்த 30 நிலைகளின் பட்டியலில் உயர் இரத்த அழுத்தம் இடம்பெறவில்லை. கேரள அரசு 2022-இல் கொண்டுவந்த செயலிக்கு வைத்த பெயரே ‘சைலி’. அது 30 வயதைக் கடந்தோருக்கானது.

நெய்யாற்றின்கரை இவ்வகையில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற ஆய்வு இவ்வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், 30 முதல் 60 வயது வரையிலான 1,007 பேரிடம் நடத்தப்பட்டது. அதன் முடிவு 2018-இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளிவந்தது. ஈராண்டு முடிவில் நீரிழிவு கண்டோர் ஒப்பீட்டுக் குழுவில் 17.1 விழுக்காடு, பயிற்சி பெற்ற குழுவில் 14.9 விழுக்காடு; அவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. ஆய்வு தரமானது, முடிவை மறைக்காமல் சொன்ன நேர்மையும் போற்றத்தக்கது. ஆனால் அது உணர்த்தும் பாடம் கசப்பானது. முப்பது வயதுக்குப் பின் பழக்கத்தை மாற்ற முனைவது கடினம், பயனும் சிறிது. அப்படியிருக்க, வட்டத்தின் பெரியவர்கள் உலக மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டனர். அவர்களின் பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டின் உயர எடைக் கட்டங்களைத் தாண்டவில்லை. அக்கட்டங்களில் எழுதப்படுவதும் ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக ஆய்வாளர் கைக்கு எட்டும் தொடராக மாறுவதில்லை.

அந்தப் பத்து ஆண்டுகள் ஏன் முக்கியம் என்பதற்குப் புதுதில்லிப் பிறப்புக்குழு ஆய்வே சான்று. 1969-72 காலத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து அளந்த அவ்வாய்வு 2004-இல் ஒன்றைக் காட்டியது. இளமையில் நீரிழிவுக்கோ அதன் முன்னிலைக்கோ ஆளானவர்கள், இரண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள். அதன்பின் அவர்களின் உடல் நிறை எண் விரைந்து ஏறியது. ஆயினும் 12 வயதில் அவர்களுள் ஒருவரும் பருமனாக இல்லை. ஒரு நாள் தராசில் நிறுத்திப் பார்த்திருந்தால் அத்தனை பேரும் ‘நல்ல பிள்ளை’ என்ற கட்டத்தில் விழுந்திருப்பர். தீங்கு ஏறிய வேகத்தில் இருந்தது. வேகத்தைக் காண ஆண்டுதோறும் அளக்க வேண்டும். நாடு அளக்காமல் விடும் வயதும் அதுவே.

அளவுகோலும் மாறாதிருக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் தன் அட்டவணைகளைத் திருத்தியபோது, 2004-இன் அட்டவணைகளில் கலந்திருந்த மிகை எடைப் பிள்ளைகளை நீக்கியது. 13 வயதுக்கு மேல் 130/80 என்ற நிலையான எல்லையை வைத்தது. முந்தைய ஆண்டு இயல்பென்று குறிக்கப்பட்ட பிள்ளை, உடலில் எதுவும் மாறாமலே மறு ஆண்டு நோயாளியாகலாம். எடைக்கும் இதே நிலைதான். இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடங்கள் ஒரு கோட்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வரைபடங்கள் வேறொரு கோட்டையும் இடுகின்றன. ஒரு கட்டுரையின் 2005 எண்ணையும் இன்னொன்றின் 2020 எண்ணையும் அருகருகே வைத்து ‘இருமடங்காயிற்று’ என்று எழுதுமுன், இரண்டும் ஒரே கோலால் அளக்கப்பட்டனவா என்று பார்த்தல் வேண்டும். சொற்பொருள் மாறியதை அறியாமல் சங்கச் சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றும் மாணவரைக் கண்டிப்போர், எண்களில் அதே பிழைக்குக் கைதட்டலாமா?

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. பள்ளியில் அழுத்தம் அளந்தால் நலமான பிள்ளைகளும் நோயாளி முத்திரை பெறுவர் என்பது ஒன்று. இது வெற்று அச்சமன்று. அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழுவே 2020-இல், அறிகுறியற்ற பிள்ளைகளிடம் உயர் அழுத்தத்தைத் தேடுவதன் நன்மை தீமைகளை எடைபோடச் சான்று போதவில்லை என்றது. ஆனால் நோயாளியைக் கண்டெடுப்பது வேறு, சமூகத்தின் போக்கைக் கண்காணிப்பது வேறு. மழைமானி எந்த வீட்டையும் நனைந்த வீடு என்று முத்திரையிடுவதில்லை. ஒரு மாதிரித் தொகுதியை, பெயர் நீக்கி, கைச்சுற்றளவுக்கேற்ற பட்டையால், அமரவைத்து மும்முறை அளந்து சராசரியை வெளியிடுவதில் எவருக்கும் முத்திரை விழாது. மிக உயர்ந்த அளவு தென்படும் சிலரை மட்டும் மறுநாள்களில் மீண்டும் அளந்து மருத்துவரிடம் அனுப்பினால் போதும்.

மெலிவே இந்நாட்டின் பெருங்குறை, பருமன் வசதியுள்ளோரின் கவலை என்பது இரண்டாவது மறுப்பு. முதற்பாதி மெய். மேற்சொன்ன ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயதினரில் 24 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள். மிகை எடையினர் 5 விழுக்காடு. ஆனால் கேரளத்தில் 2015-16-க்கும் 2019-21-க்கும் இடையே ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றோர் 19.7-லிருந்து 23.4 விழுக்காடாகவும், மிகை எடையினர் 3.4-லிருந்து 4 ஆகவும் கூடினர். இரண்டும் ஒருங்கே ஏறுகின்றன. இரண்டையும் காட்டும் தராசு ஒன்றே.

அளக்காமல் வகுக்கும் கொள்கை எங்கே விழும் என்பதையும் கேரளம் கண்டது. 2016-இல் மாநில அரசு பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி விதித்தது. வணிகப்பெயர் கொண்ட உணவகங்களே அதன் இலக்கு. மறு ஆண்டு சரக்கு சேவை வரி வந்ததும் அது மறைந்தது. ஆரியங்கோட்டில் பள்ளி முக்கிலுள்ள பெட்டிக்கடையின் உப்புப் பொட்டலத்தை அந்த வரி தொடவே இல்லை. உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-இன் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை சொல்கிறது. அது நடைமுறையில் எதையேனும் மாற்றியதா என்று கேட்டால், முன்னும் பின்னும் அளந்த எண்கள் வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் பிரிந்தன. அன்று முதல் ஒரே மரச்சீனியையும் ஒரே கடல்மீனையும் உண்ணும் பிள்ளைகள் இரு அரசுகளின் கணக்கேடுகளில் இருக்கின்றனர். இரு பகலுணவுத் திட்டங்கள், இரு பாடத்திட்டங்கள், ஒரே உணவு மரபு: எந்தக் கொள்கை பிள்ளையின் உடலில் என்ன செய்கிறது என்று ஒப்பிட இதைவிடத் தகுந்த இடம் அரிது. எல்லையின் இரு புறத்துப் பள்ளிகளிலும் 6, 10, 14 வயதினரை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே கருவியால், ஒரே முறையில் அளக்கட்டும். எண்கள் பொதுவில் கிடைக்கட்டும். முடிவுகள் தமிழிலும் மலையாளத்திலும் பெற்றோரைச் சேரட்டும். கேரளத்துக்குள் தமிழ் பேசும் வீடுகளுக்குத் தமிழிலேயே சேரட்டும். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. இரு மாநிலப் பல்கலைக்கழகங்களின் சில துறைகள் உடன்பட்டால் தொடங்கலாம்.

அதுவரை ஆய்வேடு எழுதுவோரும் அதைத் திருத்துவோரும் ஒன்றைச் செய்யலாம். பிள்ளைகளைப் பற்றிய வாக்கியத்தில் ‘வாழ்க்கைமுறை நோய்’ வந்தால் அதை அடித்துவிட்டு, யார் தேர்ந்த வாழ்க்கை, எந்த ஆண்டு, எந்தக் கோலால் அளந்த எண் என்று ஓரத்தில் எழுதிக் கேட்க வேண்டும். விடை எழுத முடியாத வாக்கியம் ஆய்வேட்டில் நிற்கத் தகுதியற்றது.