முன்வரிசைக்குப் பிடித்த வன்முறை

எங்கள் விழா மேடைகளில் இப்போது 'வன்முறைக்கு எதிராக இளையோர்' என்ற தலைப்புக்குப் பஞ்சமில்லை. குறும்படம், ராப் பாட்டு, ஓவியம் என்று பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். கேடயமும் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறோம். (சான்றிதழில் பெயரைப் பிழையாக அடித்திருப்போம், அது வேறு கதை.) எழுதாத நிபந்தனை ஒன்று மட்டும் உண்டு: அந்த வன்முறையைச் செய்தவர்கள் மண்டபத்துக்கு வெளியே இருக்கவேண்டும்.

இராணுவம் செய்ததைப் படமெடுத்தால் எழுந்து நின்று கைதட்டுவோம். தட்டத்தான் வேண்டும், அந்தக் கொடுமைகளுக்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை. ஆனால் அதே பிள்ளை, இயக்கம் பிடித்துக்கொண்டு போன பதினாறு வயது ஒன்றுவிட்ட அண்ணனைப் பற்றி எழுதினால்? மாமா மாமிக்கு அடிப்பதை நாடகமாகப் போட்டால்? "இங்கே பிறந்த உனக்கு என்ன தெரியும்?" 2009 மே 10 அன்று ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தவர்களில் இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் இருந்தார்கள். அன்றைக்கு அவர்களிடம் இந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை.

புலம்பெயர்ந்த பிறகு வந்த நோயல்ல இது. 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை ஊரூராகக் கொண்டுபோனார்கள். சனம் தன் துயரத்தை அதில் கண்டது. அதே பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர் செல்வி. கவிஞர், 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தியவர். 1991 ஓகஸ்ட் 30 அன்று விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். திரும்பி வரவேயில்லை. அதே ஆண்டு மே மாதத்தில்தான் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். 1992இல் செல்விக்குச் சர்வதேச விருது ஒன்று கிடைத்தது. எங்கள் சங்கங்களில் எத்தனை அவர் பெயரில் ஒரு போட்டியாவது வைத்திருக்கின்றன?

"அது போர்க்காலம், பேசினால் எதிரிக்கு வாய்ப்பாகிவிடும்" என்பார்கள். சரி, இப்போது? துவக்குகள் ஓய்ந்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. இன்னும் எந்த எதிரிக்குப் பயந்து ஸ்காபரோவில் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் நாடகப் பிரதியில் பக்கங்களை வெட்டுகிறீர்கள்? அந்தப் பக்கங்கள் இருந்தால் அரசின் குற்றம் ஓர் அவுன்சும் குறையாது. தன் வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிற பிள்ளை முள்ளிவாய்க்காலைப் பற்றிச் சொன்னால்தான் வெளியாள் காதுகொடுத்துக் கேட்பான். எல்லாக் குற்றத்தையும் ஒரே பக்கத்தில் எழுதும் சாட்சியை எந்த நீதிமன்றம் நம்பும்?

அடுத்த போட்டி அறிவித்தலிலிருந்து 'இனத்தின் மாண்புக்குப் பங்கம் விளைவிக்காத' என்ற வரியை எடுத்துவிடுங்கள். நடுவர் குழுவில் முப்பது வயதுக்குக் குறைந்த இரண்டு பேரைப் போடுங்கள். நாடகம் முன்வரிசைக்குப் பிடிக்கவில்லையென்றால் எழுந்து போகட்டும். வாகனத் தரிப்பிடம் பெரியதுதான்.