எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

"சார், அதைத் தூக்கிக் கடாசுங்க. ஆம்னி இன்ஜின், கியர்பாக்ஸோட சேர்த்தே கெடைக்கும். ஒரே வாரத்துல வண்டி ரோட்டுக்கு வந்துடும்."

எட்டு மாதமாக இதையே நாலு பட்டறையில் கேட்டுவிட்டேன். சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

வண்டி 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அப்பா வாங்கியது. எங்கேயோ சீமையிலிருந்து இறங்கியது இல்லை. இதே சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் நம் ஆட்கள் கையால் கட்டிய வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்று வந்த கார் 1961 முதல் இங்கே ஓட ஆரம்பித்தது. வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. இதே சேசிஸைக் குறுக்கி, அவரே வரைந்து, 1962-ல் வெளியானதுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். 1965 லே மான் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்த வண்டி அது. பானட்டை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்னால் கவிழ்த்தால் இன்ஜினும் முன் சக்கரங்களும் முழுசாகத் தெரியும். அந்த அமைப்பு ஹெரால்ட் அக்காவுக்கும் ஸ்பிட்ஃபயர் தங்கைக்கும் ஒன்றுதான். சின்ன வயதில் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு அப்பா பிளக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த இன்ஜின் இன்று செத்துக் கிடப்பதற்கு வயது காரணம் இல்லை. போன வருஷம் ஒரு பட்டறையில் முழு ஓவர்ஹாலுக்கு விட்டேன். சிலிண்டர் போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், வால்வு கிரைண்டிங் என்று பில் நீளமாக வந்தது. பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் யாரும் பார்க்கவில்லை: த்ரஸ்ட் வாஷர். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்க, பின்பக்க மெயின் பேரிங்குக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகியிருக்கும் அரைவட்டத் தகடுகள் அவை. உள்ளங்கையில் இரண்டும் அடங்கிவிடும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்கை முன்னால் தள்ளும் விசை அந்தத் தகட்டின் மேல்தான் விழுகிறது. தேய்ந்து மெலிந்தால் நழுவி சம்ப்பில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு சுழலும் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். இந்த வகை டிரையம்ஃப் இன்ஜினை அறிந்தவர்களுக்கு இது பழைய கதை. கிளட்சை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று புல்லியைப் பார்த்தாலே போதும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அது முன்னும் பின்னும் நகர்ந்தால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு நிமிஷ வேலை. செய்யவில்லை. மூன்றே மாதத்தில் பிளாக்கில் வாஷர் உட்காரும் பள்ளமே காணாமல் போய்விட்டது. பள்ளம் இருந்தால் ஓவர்சைஸ் வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். இப்போது எதைப் போட்டாலும் நிற்க இடம் இல்லை.

சரி, வேறு இன்ஜின். எது?

ஆம்னி இன்ஜினை ஏன் சொல்கிறார்கள் என்று புரிகிறது. மாருதி 800-இல் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டும். ஆம்னியில் நீளவாக்கில் இருந்து பின் சக்கரத்தை ஓட்டுகிறது. ஹெரால்டுக்கு அது ஒத்துப்போகும். ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் அது 796 சிசி, மூன்று சிலிண்டர். மவுண்டிங்கை வெட்ட வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டும், கியர் கம்பி வரும் இடத்தை மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் கேட்பது ஆம்னி சத்தம். அப்பாவின் வண்டியில் அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியாது. ஜிப்ஸியின் 1298 சிசி இன்ஜினைப் போடச் சொன்னவரும் உண்டு. அந்த வேகத்தில் இந்தச் சின்ன டிரம் பிரேக்கை நம்பி ஓட்டச் சொல்கிறார்.

ஸ்பிட்ஃபயர் இன்ஜின் என்றால் மனசு கொஞ்சம் இளகுகிறது. ஒரே வம்சம். 803 சிசியில் தொடங்கி 948, 1147, 1296 வரை ஸ்ட்ரோக் மாறவே இல்லை, அதே 76 மில்லிமீட்டர். போரை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஆனால் அந்தப் பெரிய இன்ஜினை இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏற்றி, சுங்கம் கட்டி எடுத்து வந்தாலும், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது 948 சிசி.

அங்கேதான் அடுத்த வேதனை. 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குப் பதிவு. புதிதாகப் பதியும் வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர்; ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே. நல்ல விதி, மனதார வரவேற்கிறேன். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றாமல் வண்டி அசல் வடிவில் இருந்தால்தான் அது விண்டேஜ். அசலாக வை என்கிறது சட்டம். அசல் இன்ஜினோ காயலான் கடையில் கிலோ கணக்கில் உடைபடுகிறது. புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் சொன்னார்: "போன தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு ஹெரால்ட் பிளாக் வந்துச்சு சார். கேக்க ஆளே இல்ல, எடைக்குப் போட்டுட்டோம்." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டலூரில் 1980-களின் கடைசியிலேயே உற்பத்தி நின்றுவிட்டது. இனி ஒரு பிளாக்கும் அங்கே வார்க்கப் போவதில்லை. இருப்பதுதான் இருப்பு. இருப்பதையும் நாமே உருக்கிக்கொண்டிருக்கிறோம்.

எத்தனை மாதம் ஆனாலும் சரி, 948 சிசி பிளாக்குக்காகக் காத்திருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிப் புல்லியைப் பாருங்கள். தாத்தாவின் ஷெட்டிலோ மாடிப்படிக்குக் கீழேயோ பழைய ஹெரால்ட் இன்ஜின் கிடந்தால், பழைய இரும்பு வாங்க வருகிறவரைக் கூப்பிடுவதற்கு முன் தெரிந்த மெக்கானிக் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். துரு ஏறியிருந்தாலும், பிஸ்டன் இறுகிப்போயிருந்தாலும் பரவாயில்லை. பிளாக்கும் பேரிங் கேப்பும் நன்றாக இருந்தால் போதும், மற்றதைச் செய்துகொள்ளலாம்.