119 வாக்குகள்



சுவிஸில் வாழும் சித்தியிடம் போயிருந்தபோது, ஒருநாள் காலையில் புறப்பட்டு இன்னொரு நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டேன். அந்த நாடு லீக்டன்ஸ்டைன். சுவிஸுக்கும் ஒஸ்ரியாவுக்கும் நடுவில், றைன் நதியோரம் 160 சதுர கிலோமீற்றர் நிலம். சனத்தொகை சுமார் 40,000. விமான நிலையம் கிடையாது. சுவிஸின் சார்கன்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் ஏறினால் தலைநகர் வடூஸுக்குப் போய்விடலாம். எல்லையில் ஒருவரும் மறிக்கவில்லை. சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து பழகிய எனக்கு அதுவே அதிசயம். இராணுவமும் இல்லை, 1868 இல் கலைத்துவிட்டார்கள்.

மலைச்சரிவில் இளவரசரின் கோட்டை. குடும்பம் அங்கே வசிப்பதால் உள்ளே போக முடியாது. சுற்றுலா அலுவலகத்தில் காசு கொடுத்தால் கடவுச்சீட்டில் ஞாபகத்துக்கு ஒரு முத்திரை குத்துவார்கள். விசாவுக்கு நாம் படும் பாட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இவ்வளவு செல்வமுள்ள நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1984 இல்தான். எங்கள் பூட்டிமாருக்கு 1931 இலேயே கிடைத்துவிட்டது! ஐரோப்பா எதிலும் முன்னுக்கு நிற்கும் என்றல்லவா நினைத்திருக்கிறோம்.

1971 இலும் 1973 இலும் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டிலும் ஆண்கள் மட்டுமே வாக்களித்து, மாட்டோம் என்றார்கள். 1981 இல் பெண்கள் சிலர் ஓர் அமைப்பைத் தொடங்கி, நூறு வருடம் தூங்கிய இளவரசியின் பெயரை அதற்கு வைத்தார்கள். நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். 1983 இல் ஸ்ட்ராஸ்பேர்க் வரை போய் ஐரோப்பிய சபையில் முறையிட்டார்கள். ஊர் மானத்தை வெளியில் விற்கிறார்கள் என்று எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்களோ! அவ்வளவு சிறிய இடத்தில் எதிர்த்து வாக்களிப்பவன் அந்நியன் அல்ல. தமையனாக இருப்பான், பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பான். மறுநாள் அவன் முகத்தில்தான் விழிக்கவேண்டும். அவர்களுக்கு மலையைவிட அதுதான் பெரிய ஏற்றமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1984 யூலை 1 ஆம் திகதி மூன்றாவது வாக்கெடுப்பு. அன்றும் ஆண்கள்தான் வாக்களித்தார்கள். ஆம் என்றவர்கள் 2,370 பேர், இல்லை என்றவர்கள் 2,251 பேர். வித்தியாசம் 119. அறுபது ஆண்கள் மனம் மாறியிருந்தால் அதுவும் தோற்றிருக்கும்.

1986 இல் எம்மா ஐகன்மான் முதல் பெண்ணாகப் பாராளுமன்றம் போனார். 2025 ஏப்ரலில் பிரிகிட்டே ஹாஸ் அந்த நாட்டின் முதற் பெண் பிரதமரானார்.